கோட்டைச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் பொன்னையா சமையற்காரர். புதிதாக வந்திருந்த துரை கொழும்புச் சிங்களவர். அவருக்குக் கேக்கும் புடிங்கும் புதுமாதிரியாக வேண்டும். "ஒரு வாரம் நின்று பழகிக்கொண்டு வா" என்று பொன்னையாவைக் கொழும்பில் துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியிலிருந்த ஒரு பெரிய ஹோட்டலுக்கு ரயிலேற்றிவிட்டார்.

ஹோட்டலில் படுக்க இடம் கொடுத்தார்கள். சாப்பாடு கிடையாது. முதல்நாள் காலையிலிருந்து முட்டை அடித்துக் கை சோர்ந்த பொன்னையா, மத்தியானம் பசியோடு வாசலுக்கு வந்தார். எதிர்வரிசைக் கடையில் மேசைக்கெல்லாம் வெள்ளைத்துணி விரித்திருந்தது. பக்கத்துக் கடையின் பலகையில் விலையைப் பார்த்ததும் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

வாசற்காவலர் சிங்களவர். அவரிடம் போய்க் கேட்டார். "ஐயா, நம்மள மாதிரி ஆளுங்க சாப்புடுற கடை கிட்டத்துல இருக்குங்களா?"

"இதெல்லாம் கப்பல்காரனுக்குக் கடை. பின்னால சந்து இருக்கு. அங்க தமிழாள் ஒருத்தர் கடை. வெலையும் சரி, சோறும் நல்லம்."

சந்துக்குள் திரும்பியதுமே மீன்குழம்பு மணத்தது. நாலு மேசை போட்ட சின்னக் கடை. எல்லாப் பெஞ்சிலும் துறைமுகத்து ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மூலையில ஒரு ஆளுக்கு எடம் இருக்குங்க. போய் உக்காருங்க" என்றார் கடை முதலாளி.

மூலை மேசையில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து, கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். சிவப்புக் குழம்பு மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. பொன்னையா எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கால் நகரவில்லை.

அது அவர்களுடைய பழைய துரை.

இரண்டு வருடத்துக்கு முன்பே சீமைக்குப் போனவர். தலவாக்கலை ஸ்டேஷனில் தோட்டமே மாலையோடு நின்று வழியனுப்பியது. பொன்னையாதான் பெட்டிகளை ரயிலில் ஏற்றினார். அதற்கு முன் பதினைந்து வருடம் அந்த மனிதருக்கு மிளகாய் படாமல் சமைத்துப் போட்டவர் அவர். ஒருநாள் சூப்பில் ஒரு துணுக்கு மிளகாய் விழுந்துவிட்டதென்று துரை பீங்கான் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். அந்தத் துரையா இது?

துரை நிமிர்ந்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"பொன்னையா!"

பொன்னையாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. "சலாம்ங்க தொரை. நீங்க... சீமைக்குப் போகலீங்களா?"

"போனேன். உக்காரு. எல்லாரும் பாக்கிறான்."

துரைக்கு எதிரே உட்காருவதா? பெஞ்சின் நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார் பொன்னையா. முதலாளி சோற்றையும் குழம்பையும் கொண்டுவந்து வைத்தார். பொன்னையா கையை வைக்கவில்லை.

"அங்க எனக்கு ஒருத்தனும் இல்ல" என்றார் துரை, தட்டைப் பார்த்தபடி. "அம்மா இல்ல. அண்ணன் இல்ல. தொரசானி அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. கடையில, ரோட்டுல, யாருக்கும் என்னைத் தெரியாது. கொஞ்ச மாசம் பாத்தேன். திரும்பி வந்துட்டேன். இங்க மேல ஒரு ரூம் இருக்கு."

"காரம் ஒங்களுக்கு ஆகாதுங்களே..."

"தொரசானிக்குத்தான் வாசனை ஆகாது. கல்யாணத்துக்கு முந்தி, சின்னத் தொரையா வேலை பாக்கும்போது தினம் இதுதான் சாப்பிட்டேன்."

மிளகாய்க்குப் பயந்து பதினைந்து வருடம்! ஆனால் அதைவிட வேறொன்று பொன்னையாவின் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. கேட்கத் துணிவோமென்று அவரே நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"தொரை, அழகன ஞாபகம் இருக்குங்களா?"

"எந்த அழகன்?"

"என் தம்பிங்க. தொழிற்சங்கத்துல சேந்தான்னு நீங்க வேலையிலருந்து பேரு வெட்டினீங்களே. லயத்துக் காம்பிராவ விட்டு எறக்கி, 'ஒன் ஊருக்குப் போடா'ன்னு அனுப்பினீங்களே."

அழகன் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லயத்திலேயே பிறந்தவன். இந்தியாவை அவன் கண்டதில்லை. கப்பலேறிப் போனவனைப் பற்றி அதன் பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

துரை நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ரொம்பப் பேருக்குப் பேரு வெட்டினேன், பொன்னையா. ஞாபகம் வரல." பிறகு ஆசையாகக் கேட்டார்: "பங்களா வாசல்ல ரோசா எல்லாம் நல்லா இருக்கா?"

ரோசாச் செடி இவருக்கு ஞாபகம் இருக்கிறது! தொடாத சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பொன்னையா எழுந்தார். துரை எச்சில் கையோடு அவர் முழங்கையைப் பிடித்தார்.

"தோட்டத்துல சொல்லாதே. நான் சீமையில இருக்கேன்னே நினைக்கட்டும்."

"அழகனும் ஊர்ல நல்லா இருக்கான்னுதாங்க நாங்க நெனச்சிக்கிட்டு இருக்கோம்" என்றார் பொன்னையா. கையை விடுவித்துக்கொண்டு, சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தார். எழுந்து வரும்போது சலாம் வைக்கவில்லை என்பது ஹோட்டல் வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் வேறு கடை தேடினார். தோதான விலைக்கு எதுவும் அகப்படவில்லை. பசி பொறுக்காமல் அந்தச் சந்துக்கே போனார். மூலை மேசை காலியாக இருந்தது.

"அந்த வெள்ளைக்காரர் காலையிலேயே ரூமக் காலி பண்ணிட்டுப் போயிட்டாருங்க. எங்கேன்னு சொல்லல" என்றார் முதலாளி.

பொன்னையா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். வாரம் முழுக்க அங்கேதான் சாப்பிட்டார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் எல்லாரும் கொழும்பைப் பற்றிக் கேட்டார்கள். கப்பலைச் சொன்னார், மின்சாரத்தில் ஏறி இறங்கும் கூண்டைச் சொன்னார். துரையைப் பற்றி மனைவி மீனம்மாவிடம் மட்டும் சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நம்ம அழகனக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஞாபகம் இல்லையாம்."

"இல்லையாமா?" என்றாள். நம்பமுடியாதவளாக, மறுபடியும் கேட்டாள்: "ஞாபகமே இல்லையாமா?"

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். களைந்த தண்ணீர் சேலையில் சிந்தியதை இருவருமே கவனிக்கவில்லை.