நூம்பலில் பார்த்தது

கான்ஸ்டபிள் கை காட்டவில்லை. நேராக வந்து சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். சின்னசாமி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பூந்தமல்லி பஸ் நிலையத்தைத் தாண்டிய திருப்பம் அது. மணி ஆறரை இருக்கும். கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள், ஆனால் வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"லைட்டு எங்க?"

"டைனமோ ஓடலைங்க. நாளைக்கு மாத்திர்றேன்."

"எறங்கு."

டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார்கள், ஆவடி குவார்ட்டர்ஸ் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். கான்ஸ்டபிள் காற்றைப் பிடுங்கவில்லை. சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு நடந்தார். சின்னசாமி பின்னாலேயே போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதாக வேண்டுதல், அதில் நாலாவது வாரத்தை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டது அவரில்லை, அவர் மனைவி வடிவு. நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். எண்பத்திரண்டில் அந்த வேலை கிடைத்தபோது, இரண்டு வருஷத்தில் நீங்கள் திருச்சி பாக்டரிக்கு மாற்றல் வாங்கிவிடுங்கள், அதுவரைக்கும்தானே என்றாள். இரண்டு நாலாகிவிட்டது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போவார். மற்ற நாட்களில் பாக்டரி, குவார்ட்டர்ஸ், ஒற்றை பர்னர் ஸ்டவ், இன்லண்ட் லெட்டர்.

ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர் ஏட்டு கஜபதி. தலை நிமிராமலே "எங்க வேல?" என்று கேட்டார். சின்னசாமி பாக்டரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கஜபதி அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார்.

"சென்ட்ரல் கவர்மென்ட்டா? உக்காருங்க சார். யோவ், சாருக்கு அந்த ஸ்டூல இழுத்துப் போடு."

அந்த 'சார்' தனக்கு இதமாக இருந்ததைப் பின்னாட்களில் எத்தனையோ முறை நினைத்துக் கூசினார். ஆனால் அந்த நேரத்தில் அது இதமாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே இன்னொரு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு ஆள் ஜட்டியோடு சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. சின்னசாமி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கஜபதி மூன்று தாள்களை மேஜையில் பரப்பினார். ஒன்றில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. மற்ற இரண்டும் வெறும் தாள்கள், அடியில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி.

"இங்க ஒண்ணு, புள்ளி வச்ச எடத்துல ஒண்ணொண்ணு. போட்டுட்டு சைக்கிள எடுத்துக்கினு கெளம்புங்க."

"எதுக்குங்க இது?"

"சும்மா ஒரு பறிமுதல் மகஜர் சார். சாட்சின்னு ரெண்டு பேரு வேணும். படிச்சவங்க போட்டா நல்லாருக்கும். ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

அவர் போட்டார். மூன்று இடத்திலும் முழுப் பெயர், தந்தை பெயர், குவார்ட்டர்ஸ் எண். பாக்டரியில் எதற்கும் அப்படித்தான் போட்டுப் பழக்கம். வெளியே வந்து சைக்கிளில் ஏறினார். டயரில் காற்று அப்படியே இருந்தது.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வேறு வழியாக மாங்காடு போய் வேண்டுதலை முடித்தார். வடிவுக்கு எழுதிய கடிதத்தில் ஆறு வாரமும் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினார். ஸ்டேஷன் விஷயத்தை எழுதவில்லை. எழுதுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

ஒரு வருஷம் ஆனது. எண்பத்தேழு மார்ச்சில், மாற்றல் பைல் இந்த முறை கல்கத்தா தலைமை ஆபீஸ் வரை போயிருக்கிறது என்று ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். அந்த வாரம்தான் கஜபதி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னசாமி துணி துவைத்துக்கொண்டிருந்தார். கஜபதி சம்மனை நீட்டிவிட்டு, கேட்காமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் கஷ்டமே இல்ல சார். காட்டுப்பாக்கத்துல ஒரு பம்புசெட்டு மோட்டார ஒடச்சி உள்ள இருந்த காப்பர் கம்பிய உருவிட்டான். கன்னியப்பன்னு ஒருத்தன். முன்னாடி அதே நெலத்துல தண்ணி பாச்சுனவன்தான். நூம்பல்ல, அவன் ஊட்டுக்குப் பின்னால, வைக்கப்போர்லேந்து அவனே எடுத்துக் குடுத்தான், நான் கண்ணால பாத்தேன்னு நீங்க சொல்லணும். அவ்ளோதான். சொல்லிட்டு வந்துகினே இருங்க."

"நான் நூம்பலுக்குப் போனதே இல்லைங்களே."

"போனீங்க சார்." கஜபதி பொறுமையாகச் சொன்னார். "போன வருசம் மார்ச்சு நாலாந்தேதி, சாயங்காலம் அஞ்சு மணி. ஒங்க கையெழுத்து கீது."

சின்னசாமியின் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த வடிவின் போட்டோவைக் கஜபதி பார்த்தார். குடும்பம் இங்கே இல்லையா என்று கேட்டார். இல்லை, மாற்றலுக்கு எழுதியிருக்கிறேன் என்று சின்னசாமி சொன்னார். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"நல்லது சார். மாத்தல்னா போலீஸ் வெரிபிகேசன்னு ஒண்ணு கேப்பான். அது எங்ககிட்டதான் வரும். நல்லபடியா எழுதி அனுப்பிடலாம்."

போகும்போது வாசலில் கிடந்த தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பிரச்சினை எப்படி, குழாய் தினமும் வருகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்.

கேட்க ஆளில்லை. பாக்டரியில் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பக்தவத்சலத்திடம் மட்டும், சாப்பாட்டு நேரத்தில், யாருக்கோ நடந்தது மாதிரி ஆரம்பித்தார். பக்தவத்சலம் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"சொல்லிட்டுப் போ அண்ணாத்தே. அவன் யாரோ, நீ யாரோ. நீ போயி இல்லன்னா மட்டும் அவன வுட்ருவானுங்களா? ஒன் ஊட்டுக்காரிய நெனச்சிப் பாரு."

வடிவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். திருச்சியில் என்றால் வாரா வாரம் சனிக்கிழமை பஸ் ஏறிவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். யாராவது, கதவைச் சாத்திட்டு வாங்க என்று சொல்வார்கள். அவ்வளவுதான் அவர் கேட்டது. இது பெரிய ஆசை இல்லை என்றுதான் அவருக்கு எப்போதும் பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியாக வேலப்பன்சாவடி. எதற்குப் போகிறோம் என்று தெளிவாக இல்லை. பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால் பொய் பாதியாகக் குறையும் என்பது போல ஒரு நினைப்பு. நூம்பலில் கன்னியப்பன் வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். பாதி வயல்களில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நட்டிருந்தன. அதற்கப்பால் வரிசையாக நாலு குடிசைகள், கடைசியில் இருந்தது கன்னியப்பனுடையது.

பின்பக்கம் வைக்கோற்போர் இல்லை. இருந்த தடமும் இல்லை. இரண்டடி தள்ளிக் குட்டை, அதன் ஓரம் வரைக்கும் முள்செடி. மாடு கட்டிய முளைக்குச்சிகூடக் கண்ணில் படவில்லை.

"யாரு நைனா? இன்னா பாக்குற?"

ஒரு பெண் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னியப்பன் சம்சாரம், பெயர் தாயம்மா.

"இங்க... வைக்கப்போர் ஏதாவது இருந்துச்சுங்களா, முன்னாடி?"

"மாடே இல்ல, வைக்கப்போருக்கு எங்க போறது?" அவள் குடத்தை இறக்கினாள். "கோர்ட்லேந்து வர்றியா நீ? ஜாமீன் விசயமா? ஜாமீன் குடுத்துட்டாங்களாம், ஆனா சொந்த ஊடு, வரி கட்டுன ரசீது இருக்குற ஆளு ரெண்டு பேரு வந்து நிக்கணுமாம். எங்களுக்கு யாரு வந்து நிப்பா. ஒரு வருசமாச்சு, உள்ளயே கீறாரு."

அவள் கண்கள் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவில் நின்றன. ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து நல்ல செய்தி கொண்டுவந்த ஆளாக அவரை நினைத்துவிட்டாள் என்பது சின்னசாமிக்குத் தெரிந்தது.

"இல்லைங்க. நான் மனை பாக்க வந்தேன்."

அவள் முகம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. பழகிப்போனவள். வெயிலில் வந்திருக்கிறாரே என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்தார்.

ஏப்ரலில் கோர்ட். கஜபதி காலையிலேயே வந்து, மரத்தடியில் அவரோடு நின்று எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லிக் கொடுத்தார். முதல் சாட்சி நிலத்துக்காரர். இரண்டாவது சாட்சி ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தராஜ். அவன் வைக்கோற்போரையும் கம்பியையும் தங்குதடையில்லாமல் ஒப்பித்தான். எத்தனையோ வழக்கில் அவன் சாட்சி என்று, கன்னியப்பனுக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் முணுமுணுத்தார். மூன்றாவதாகச் சின்னசாமி பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி நின்ற பிறகுதான் கன்னியப்பனின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது அன்று ஸ்டேஷனில் கண்ட அந்த முதுகு மட்டும்தான். முகத்தை இதுவரை வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தார், ஏதோ திருட்டுத்தனம் உள்ள முகமாக. இது ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற யாரோ ஒருவரின் முகம். பின்வரிசையில் தாயம்மா எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டவாலி அவளை உட்காரச் சொன்னார்.

அரசு வக்கீல் கேட்டார். மகஜரில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே? ஆமாம். அன்று மாலை நூம்பலில் எதிரி கன்னியப்பன் கம்பியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தீர்கள்?

அந்தக் கணத்திலும் அவர் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. 'பார்த்தேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தக் குட்டையும் முள்செடியும் நினைவுக்கு வந்தன.

"அங்க வைக்கப்போர் இல்லைங்க," என்றார்.

"கேட்டதற்குப் பதில் சொல்லுங்க."

"நான் பாக்கலைங்க. அன்னைக்கு நான் நூம்பல் போகலை. சைக்கிள்ல லைட் இல்லைன்னு பிடிச்சாங்க. கையெழுத்துப் போட்டா சைக்கிளக் குடுக்கறேன்னாங்க. ரெண்டு தாள் வெறும் தாளுங்க."

மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்க மத்திய அரசு ஊழியர். வெறும் தாள்ல கையெழுத்துப் போடலாமா?"

"போடக் கூடாதுங்க."

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்து, எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறீர்கள் என்றார். இல்லை என்றார் சின்னசாமி. எதிரி உங்கள் நண்பர் என்றார். இல்லை என்றார். ஒவ்வொரு 'இல்லை'யும் டைப்ரைட்டரில் ஏறியது. அதில் கடைசியாகச் சொன்ன 'இல்லை' மட்டும் ஏனோ அவருக்கு வருத்தமாக இருந்தது.

வெளியே கஜபதி கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, "ஊருக்குப் போவணும்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கிப் போனார்.

அன்று குவார்ட்டர்ஸுக்கு வந்து இன்லண்ட் லெட்டரை விரித்தார். டைனமோவில் ஆரம்பித்து ஸ்டேஷன் ஸ்டூல் வரை வருவதற்குள் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. அதைக் கிழித்துவிட்டு, வேறொன்றில் இங்கு அனைவரும் நலம் என்று எழுதினார். 'அனைவரும்' என்பதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. அப்படியே ஒட்டிப் போட்டார்.

ஜூன் மாதம் மாற்றல் பட்டியல் நோட்டீஸ் போர்டில் வந்தது. அவர் பெயர் இல்லை. ஸ்டேஷனிலிருந்து காகிதம் ஏதும் வந்ததா, இல்லை எப்போதும் போல விட்டுப்போனதா என்று குமாஸ்தாவிடம் கேட்கலாம். அவர் கேட்கவில்லை.

அதே மாதக் கடைசியில் தீர்ப்பு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போய்ப் பின்னால் நின்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. காகித வேலையெல்லாம் முடிந்து, கிளைச் சிறையிலிருந்து கன்னியப்பன் வெளியே வரும்போது மணி மூன்றுக்கு மேல். கையில் ஒரு மஞ்சள் பை. தாயம்மா அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அந்தச் சட்டை அவனுக்கு இப்போது பெரிதாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்ற சின்னசாமியை அவள்தான் முதலில் பார்த்தாள். கிட்டே வந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நைனா," என்றாள். "தண்ணி வாங்கிக் குடிச்சியே."

அவர் தலையசைத்தார். கன்னியப்பன் அவரை நிதானமாகப் பார்த்தான். கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சின்னசாமிக்குத் தோன்றியது. அது இருந்த மாதிரி தெரியவில்லை.

"அந்தக் கையெழுத்துப் போட எவ்ளோ நேரம் ஆச்சு ஒனக்கு?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். சின்னசாமியும் நிஜமாகவே யோசித்தார்.

"ஒரு நிமிஷம் இருக்கும்."

கன்னியப்பன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டான். ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வுடு. வா, போலாம்," என்றாள் தாயம்மா.

நூம்பல் பக்கம் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். இருவரும் சாலையைக் கடக்கப் போனார்கள். ஒரு வருஷமாகச் சாலையைத் தானாகக் கடக்காத கன்னியப்பன் ஒரு காலைத் தார் ரோட்டில் வைத்தான். தூரத்தில் ஒரு லாரி வந்தது, நன்றாகவே தூரத்தில். காலை எடுத்துக்கொண்டான். லாரி போயிற்று. மறுபடி வைத்தான். ஒரு மோட்டார் சைக்கிள். மறுபடி எடுத்துக்கொண்டான். தாயம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், ஆனால் இழுக்கவில்லை. ஆவடி பஸ் வந்து சின்னசாமியின் முன்னால் நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார், அது போயும் விட்டது. புழுதி அடங்கியபோது அவர்கள் இருவரும் அதே ஓரத்தில், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சாலையில் அந்த நேரம் ஒரு வண்டியும் இல்லை.