ஒன்பதாவது கிண்ணம்

சூளை கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அந்த அரசுப் பீங்கான் சூளையிலேயே கே ஷுன் ஒருவன்தான். மற்றவர்கள் சேவல் அறுத்து, நல்லபடி வர வேண்டும் என்று கும்பிட்டார்கள்.

ஷுன் செதுக்குகிறவன். சுடாத கிண்ணத்தில் ஊசிமுனையால் டிராகன் கீறுவான். வெள்ளைப் பூச்சு ஏறியதும் கீறல் மறைந்துவிடும். சுட்ட பிறகு வெயிலுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். சீனப் பேரரசரின் டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம், இளவரசர்களுக்கு நாலு. ஒன்பதாவது கிண்ணத்தில், தன் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தில், ஒரு நகத்தைக் கீறாமல் விட்டுவிட்டான். நினைவு வந்தபோது கிண்ணம் நெருப்புக்குள் இருந்தது.

இப்போதைய பேரரசர் இளவரசராக இருந்தவர். அண்ணன் மகனை விரட்டிவிட்டுச் சிம்மாசனம் ஏறியவர். அவர் கிண்ணத்தில் நாலு நகம் இருந்தால், நீ இன்னும் வெறும் இளவரசன்தான் என்று குத்திக்காட்டுவதாகிவிடும்; யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். குடும்பத்தோடு வெட்டுவார்கள்.

"ஒரு விரிசல்கூட இல்லடா," என்றான் சூளையைத் திறந்த சூளைக்காரன் பாவ். "உன் மூஞ்சி ஏன் இப்படி? மாமியா வந்து உக்காந்துட்டாளா?"

"வயிறு சரியில்லண்ணே."

முற்றத்தில் நல்ல வெயில். சோதனைக்கு அரண்மனையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஹோ, கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். குறையுள்ளதைக் கல்லில் அடித்துக் குழியில் தள்ளுவது வழக்கம். அவர் ஒன்பதாவதைத் தொட்டதும் ஷுனின் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, அதுல ஊசித்துளை இருக்குங்க. அடியில."

ஹோ திருப்பிப் பார்த்தார். பால் போல இருந்தது.

"நல்ல கிண்ணத்த உடைக்கச் சொல்றியே, ஏன்யா?"

ஹோ கிண்ணத்தை வெயிலுக்கு நேரே தூக்கி மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. உதடு அசைந்து எண்ணியது. இங்கிருந்து போகும் ஒவ்வொன்றுக்கும் அவர் முத்திரைதான் பொறுப்பு.

"ஆமா, துளைதான்," என்று உரக்கச் சொல்லிக் கல்லில் அடித்தார். மற்றவர்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு ஷுனிடம் சுத்தியலை நீட்டினார்.

"மாவா இடி."

ஷுன் மண்டியிட்டு இடித்தான். அழுகை வந்தது. பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தான். ஹோ பக்கத்தில் குனிந்து, பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"இது வேற யாருக்குய்யா தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க ஐயா. எனக்கு மட்டுந்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, பத்துப் பேருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஹோ தலையசைத்தார். வாசலில் நின்ற காவலனை ஒரு விரலால் கூப்பிட்டார்.