முடிவெடுத்ததுபோல ஒரு நாள்

இரண்டாவது டம்ளரையும் விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் முதலில் டம்ளரைப் பார்த்தார், பிறகு அவளை.

"என்னடி, இன்னைக்குக் கை ரொம்ப தாராளமா இருக்கு? மக பார்த்தா ரெண்டு பேரையும் வீட்டை விட்டுத் துரத்திடுவா."

"குடிங்க. பேசிக்கிட்டே இருந்தா ஆறிடும்."

"பச்சைத் தண்ணி எங்கடி ஆறும்!"

சிரித்துக்கொண்டே குடித்தார். சிறுநீரகம் கைவிட்டபின், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும்; மிஞ்சினால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். அளவுக்குக் காவல் மகள்.

"போதும், மெஷினை நிறுத்திடலாம்" என்று அவர் போன மாதமே சொல்லிவிட்டார். "ஆனா நீ மனசாரச் சரின்னு சொன்னாத்தான்."

அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாதம் ஒருமுறை போய் மனதைக் கொட்டிவிட்டு வரும் வயதான கன்னியாஸ்திரியிடம், "நீங்களே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினாள். சிஸ்டர் சொல்லவில்லை. கேள்வியைத் துடைத்துப் பளபளவென்று கையில் திருப்பிக் கொடுப்பதே அவர் வழக்கம்.

"ரெண்டுமே பாவமில்லம்மா. ரெண்டு நல்லதுல ஆண்டவர் உங்களை எதுக்குக் கூப்பிடறாருன்னுதான் பாக்கணும். ஒரு நாள் முழுக்க, தொடரலாம்னு முடிவெடுத்த மாதிரி இருங்க. மறுநாள், நிறுத்திடலாம்னு முடிவெடுத்த மாதிரி. யாருக்கும் தெரிய வேண்டாம், எதையும் மாத்தவும் வேண்டாம். சாயங்காலம் ஜெபத்துல உக்காந்து, உள்ள என்ன மிஞ்சியிருக்குன்னு பாருங்க."

நேற்று தொடரும் நாள். தான் வேலை பார்க்கும் பல் செட் செய்யும் கூடத்தில், மெழுகில் பல் பதித்துக்கொண்டே அந்த முடிவுக்குள் இருந்து பார்த்தாள். பொழுது சாயும்வரை ஒரே பல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் பதித்தாள்; அது நேராக நிற்கவேயில்லை.

இன்று மற்ற நாள். லீவு சொல்லிவிட்டாள். விடிந்ததிலிருந்தே வீடு வேறு வீடாக இருந்தது. திரைச்சீலை உப்பி அடங்க, அறையே மூச்சு விடுவதுபோலிருந்தது. தெருச்சத்தம் அக்கரையிலிருந்து வருவதுபோல வந்தது. பாத்திரம் கழுவும்போது, தான் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். அவர் தாகம் என்றார். கை தானாக எழுந்தது. எதையும் மாற்ற வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னது, அவர் குடித்து முடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

காலி டம்ளரை நீட்டியபடி அவர் கேட்டார். "சரின்னுட்டியா?"

ஒத்திகைதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவர் மீசையில் நின்ற துளியைப் புறங்கையால் துடைத்தாள்.

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சின் சத்தம் கேட்கவில்லை என்பது, அது நின்று வெகுநேரம் ஆனபிறகே உறைத்தது.

டாக்டர் வந்தார். "தூக்கத்துலயே போயிருக்காரு. இந்த நிலைமையில என்னைக்கு வேணா நடந்திருக்கும்." அவளுக்கு அது போதவில்லை.

மகள் ஆபீஸ் பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். பிறகு, "தண்ணி எவ்வளவும்மா குடிச்சாரு?" என்றாள்.

"கேட்டதைக் குடுத்தேன்."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். என்ன பேச்சு வந்தாலும் வாங்கிக்கொள்வதாகத் தாய் நின்றாள்.

"ஆசையாக் குடிச்சாரா?"

"மடக்கு மடக்கா. என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே."

மகள் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் வந்ததும் அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உள்ளயே வெச்சுக்கச் சொன்னீங்க. நான் வெளிய காட்டிட்டேன். இன்னும் முடிவே எடுக்கல சிஸ்டர். எடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு அவர் போயிட்டாரு."

சிஸ்டர் தேற்றவில்லை. "இன்னைக்கு உள்ள எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் சிங்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நிம்மதியா இருந்துச்சு. அதுதான் பயமா இருக்கு."

சிஸ்டர் அவள் கையின்மேல் தன் கையை வைத்தார்.

அமரர் வண்டி வந்தபோது ஸ்ட்ரெச்சர் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் நுழையவில்லை. சற்று நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் வண்டிக்காரர்கள்.

"யாரைய்யா நிமித்தறது? எங்க அண்ணன் படுத்தபடிதான் போவாரு" என்று அதட்டினான் நெட்டையன். அவரோடு ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்த்த கூட்டாளி. உள்ளே போய், பின்சுவரில் ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினான். பலகை கதவாகத் திறந்தது. அப்பால், ஸ்ட்ரெச்சருக்கென்றே விட்ட, ஒரு ஆள் கால் நீட்டுமளவுக்கு இடம். தினமும் ஏறி இறங்கியும் அவள் அறியாத இடம்.

அவரை நேராகக் கிடத்தினார்கள். மகளும் சிஸ்டரும் படியில் இறங்கினார்கள். அவள் மட்டும் பக்கத்தில் நின்றாள். நெட்டையன் லிஃப்டின் கூரைமேல் ஏறி, பழுதுபார்க்கும்போது ஓட்டும் வேகத்தில் இறக்கினான்.

"அண்ணி, ரொம்ப மெதுவாப் போகுதா? கொஞ்சம் வேகமா விடட்டுமா?" மேலிருந்து குரல் வந்தது.

"வேண்டாம்ப்பா. இதுவே சரி."

ஒவ்வொரு மாடியின் வெளிச்சமும் கதவிடுக்கின் அடியில் கோடாகத் தோன்றி, மெல்ல மேலேறி, அவர் முகத்தைக் கடந்து போயிற்று.