ஆயுசைச் சுரண்டுகிறவள்

காரைக்காலில் அஞ்சுகம் டீச்சர் எதிரே வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வார்கள். ஊருக்குப் புதியவர்கள் அதை மரியாதை என்று நினைப்பார்கள். மரியாதையாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் பயம்.

அவள் செய்த குற்றம் இதுதான். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் அவளுக்கு, வயதாக ஆக மனித உடம்பின் செல் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. கன்னத்தின் உள்பக்கத்தைத் தட்டைக்குச்சியால் லேசாகச் சுரண்டினால் போதும். கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, பள்ளியிலிருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். வலியில்லை, ரத்தமில்லை. காரைக்கால்மேட்டில் காசியம்மா என்ற கிழவிதான் முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டே வாயைக் காட்டினாள். அந்த மாதமே செத்தும் போனாள். எண்பதைத் தாண்டியவள் வேறென்ன செய்வாள்? ஆனால் டீச்சர் அடுத்தவர் ஆயுசைச் சுரண்டித் தன் ஆயுசோடு சேர்த்துக்கொள்கிறாள் என்று ஊர் பேச ஆரம்பித்தது. நாற்பது தாண்டியும் அவளுக்குத் தலை நரைக்காதது வினையாகப் போயிற்று. அன்றிலிருந்து வருஷாவருஷம் தன் கன்னத்தையே சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சுக்கொடி இறங்கிய பிறகு, புது சர்க்கார் ஆராய்ச்சிக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்குகிறது என்று கேள்விப்பட்டு, நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று கேட்டு மனுப் போட்டாள். பழையதில் பாதி மங்கலாகத்தான் தெரிந்தது. விசாரிக்கப் புதுச்சேரியிலிருந்து நடராசன் என்ற அதிகாரி வந்தார். அவரும் விஞ்ஞானம் படித்தவர். தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். தன் வேலையை இன்னொருவர் குனிந்து பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் அடுத்தடுத்த தகட்டை அவளே எடுத்து நீட்டினாள்.

"வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா ஒண்ணத் தவிர எல்லாம் உங்க ஒருத்தரோடதுதானே? நாளைக்கு மத்தியானம் நான் கெளம்பறேன். அதுக்குள்ள வேற நாலு பேர் சம்மதிச்சு வந்தா சிபாரிசு எழுதறேன். இல்லேன்னா இந்த வருஷப் பணம் வேற ஊருக்குப் போயிடும்."

நாலே நாலு பேர். அவ்வளவு பெரிய ஊரில் அவளுக்கு அது மலையாகத் தெரிந்தது. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு ஆஸியா பீவியிடம் போய் நின்றாள். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் இவளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்ப மறக்காதவள்.

"ராத்தா, நீங்களாவது வாங்க. ஒரு நிமிஷ வேலதான்."

ஆஸியா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க டீச்சர், இத மட்டும் கேக்காதீங்க. எம் மவ ஜன்னத்துக்கு இன்னும் நிக்காஹ் ஆவல. அதப் பாக்குற வரைக்குமாவது நான் இருக்கணுமே, அல்லா!"

அவளைக் கோபித்துக்கொள்ளவும் அஞ்சுகத்துக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நடராசன் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவள் மட்டும்தான் நின்றிருந்தாள்.

"ஒருத்தரும் வரல சார். நீங்க வாயக் காட்டுங்க. சர்க்கார் அதிகாரியே காட்டினார்னா நாலு பேர் தைரியமா வருவாங்க. ஒங்களுக்குத்தான் தெரியுமே, இது சும்மா உதுந்து போற தோல்தான்னு."

அவருக்குத் தெரியும். பாடமாகவே படித்தவர். இருந்தும் அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்குச் சின்னக் கொழந்தைங்க இருக்கும்மா," என்றார் மெல்ல. "டீக்கடையில ஏதேதோ சொன்னாங்க. நான் நம்பல. இருந்தாலும்..."

அஞ்சுகம் குச்சியைக் கீழே வைத்தாள். தெரியாமல் பயப்படுகிறவர்களுக்கு என்றைக்காவது சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். புரிந்தவரே பயந்தால் இனி யாரிடம் போவது?

"அறிக்கையில என்ன எழுதுவீங்க?"

"ஆராய்ச்சிக்கு ஆள் கெடைக்கலன்னுதான் எழுதணும்."

"எழுதுங்க சார். அதுல ஒண்ணும் பொய் இல்ல."

அவர் தலையைக் குனிந்தபடி பஸ்ஸுக்குப் போனார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தாழ்வாரத்தில் ஆட்கள் போய்வரும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டி என்னவென்று கேட்க யாரும் வரவில்லை.