காயாத வானம்

வானத்தைக் கட்டியாண்டவர்கள் மனிதகுல வரலாற்றிலேயே இரண்டு பேர்தான், ஒன்று இயற்கை, மற்றொன்று ஓவியப் பேரொளி என்று நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ் சொன்னது. நோட்டீஸை ஒட்டியவர் பேரொளிதான். அந்தப் பட்டத்தைத் தனக்குக் கொடுத்துக்கொண்டவரும் அவர்தான். உத்தியோகம், நகரசபைக்காக வீடுகளுக்குக் கதவெண் எழுதுவது. எண்ணில் அவர் கை ஒருநாளும் பிசகியதில்லை. எழுத்து என்று வந்துவிட்டால் வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்; நோட்டீஸும் அவள் திருத்திக் கொடுத்ததுதான். அவர் கட்டியாண்ட வானம் என்று ஒன்று உண்டென்றால், அது சலவைக்கடை அக்காவின் மொட்டைமாடிக்கு மேலே, முப்பதடிக்கு இருபதடி. அந்த வானத்திலிருந்து இரண்டு வருஷம் நாலு மாதம் விடாமல் மழை பெய்தது. பக்கத்து மாடியில் காயப்போட்ட மெத்தையில் ஒரு சொட்டு விழவில்லை.

நூலகத்தின் மாடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே, சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் வகுப்பு நடத்தினார். 'புதியவர்களுக்கு நீர்வண்ணத்தில் புயல் வானம்' என்பது பாடம். ஏழு பேர் வந்தார்கள், சலவைக்கடை அக்காவும் அதில் ஒருத்தி. பாடம் என்னவோ சரியான பாடம்தான், ஏதோ புத்தகத்திலிருந்து நெட்டுருப் போட்டிருந்தார். தாளை நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்ட வேண்டும். பட்டையான பிரஷ்ஷால் தண்ணீர் பூச வேண்டும். அவுரி நீலத்தோடு கொஞ்சம் காவிப் பழுப்பைக் கலந்தால் மேகத்தின் சாம்பல் வரும். அதை ஈரத்தில் விட்டால் தானே படரும், பலகையைச் சாய்த்தால் தானே மழையாக இறங்கும். வெள்ளை என்று தனியாக ஒரு சாயம் கிடையாது, தாள்தான் வெள்ளை. வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பாதி காய்ந்ததை மட்டும் தொடவே கூடாது, தொட்டால் அந்த இடத்தில் சாயம் ஒதுங்கிக் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூத்துவிடும். அப்படிப் பூப்பதெல்லாம் பேரொளியின் தாளில்தான். அவருக்குக் கை சும்மா இருக்காது. "பாத்துக்கிட்டீங்களா, இந்தத் தப்பைச் செய்யவே கூடாது. அதுக்குத்தான் செஞ்சே காட்டினேன்" என்பார்.

சலவைக்கடை அக்காவுக்கு ஒருநாளும் பூத்ததில்லை. துணியைப் புறங்கையால் தொட்டே இஸ்திரிக்குப் பதமா என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தவள் அவள். தாளின் மூலையையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் சார்" என்பாள். அவர் பொறுக்கமாட்டார். ஐந்தாவது சனிக்கிழமை அவள் தன் மாடிக்கு மேலே ஒருநாள் பார்த்த வானத்தைப் போட்டாள். கறுத்துத் திரண்டு வந்த மேகம், சாய்ந்து இறங்கும் மழை, கிழக்கு ஓரத்தில் மட்டும் தொடாமல் விட்ட ஒரு வெள்ளைப் பட்டை. கிளம்பும்போது பலகையை ஜன்னலோரம் காயவைத்துவிட்டுப் போனாள்.

அன்று ஆறு மணிக்குள் நகரசபை ஓவியப் போட்டிக்குப் படம் கொடுத்தாக வேண்டும். பேரொளி மூன்று மாதம் பாடுபட்ட புயல் ஒன்று தயாராக இருந்தது. ஐந்தரை மணிக்கு, எல்லோரும் போன பிறகு, ஒரே ஒரு மேகத்தைத் திருத்தப் போனார். நடுவானத்தில் காலிஃபிளவர் பூத்தது. அரை நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வித்தை என்னுடையது, கை மட்டும்தானே அவளுடையது என்று ஒரு நியாயம் உதவிக்கு ஓடி வந்தது. திருட்டுக்கு முன்னால் நியாயம் எப்போதும் செருப்பு கூடப் போடாமல்தான் ஓடி வரும். பலகையிலிருந்து தாளை உரித்தார். பின்பக்கத்தில் அக்கா பென்சிலால் அன்றைய துணிப் பட்டியலைக் குறித்து வைத்திருந்தாள். அதைச் சட்டத்துக்குள் மறைத்தார். கிழக்குப் பட்டையில் கையெழுத்துப் போட்டார், நாலு பேர் கண்ணில் பளபளக்கட்டும் என்று சாயத்தில் இரண்டு சொட்டுத் தேன் கலந்து. ஈரம் காயுமுன்பே கண்ணாடி வைத்து, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி, எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் பரிசு கிடைத்தது. படம் நகரசபை மண்டபத்தில், தலைவரின் நாற்காலிக்கு மேலே ஏறியது.

"காத்துல உங்க படம் ஜன்னல் வழியா போயிடுச்சுக்கா" என்று அடுத்த வகுப்பில் சொன்னார்.

"காத்து என்ன, நம்மகிட்ட கேட்டுட்டா எடுத்துட்டுப் போகும்? விடுங்க சார், இன்னொண்ணு போட்டுக்கிட்டா போச்சு" என்றாள் அக்கா. அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அவள் மாடியில் மழை அதற்குள் தொடங்கியிருந்தது. ஊர் அதை ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் குடம் வைத்துப் பிடித்தது, மூன்றாவது வாரம் மறந்தது. அனுமதியில்லாமல் நீர் சேகரிப்பதாக அக்காவுக்கு நகரசபை ஒரு நோட்டீஸும், நீர் சேகரிக்காமல் வீணடிப்பதாக இன்னொரு நோட்டீஸும் அனுப்பியது. மாடியின் கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை நனையாமல் இருந்தது. அக்கா அங்கே கைக்குட்டைகளைக் காயப்போட்டாள். அவற்றிலும் சுழியும் கொம்புமாக ஈரக் கோடுகள் விழுந்தன. "மழைக்கும் கை நடுங்குது, வயசாயிடுச்சு போல" என்று சிரித்தாள். மண்டபத்தில் கண்ணாடிக்கு உட்புறம் எப்போதும் ஆவி படிந்திருந்தது, சட்டத்தின் அடியில் சொட்டு நின்றது. மழையும் மேகமும் மங்கலாகத் தெரிந்தன, கையெழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. உயிருள்ள ஓவியம் என்று தலைவர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டார்.

தாள் காயாமல் மழை நிற்காது என்பது பேரொளிக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது. காயவேண்டுமானால் கண்ணாடியைத் திறக்க வேண்டும். சபை கூடும் நேரம் தவிர மண்டபம் பூட்டியே கிடக்கும். ஆகவே திறந்தால் ஊர் பார்க்கத் திறக்க வேண்டும், திறந்தால் துணிப் பட்டியல் வெளியே வரும். அவர் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக நல்லவராக மாறிப் பார்த்தார். தன்னிடமிருந்த ஒரே நல்ல பிரஷ்ஷை அக்காவுக்குக் கொடுத்தார். அவள் துணிகளைத் தன் வீட்டில் காயவைக்கலாம் என்றார். கூடத்திலும் சமையலறையிலும் கொடி கட்டினார். இரண்டு வருஷம் ஊராரின் போர்வைகளுக்கு அடியில் குனிந்தே நடந்தார், சாப்பிடும்போது யாருடையதோ ஒரு கால்சட்டை தலைமேல் சொட்டியது.

"ஏங்க, சொந்தத் துண்டை எடுத்துக் கொடியில போடாத மனுஷன் நீங்க. அப்படி என்னத்தைத் தின்னு முழுங்கினீங்க, இப்படிச் செரிக்காம கெடந்து தவிக்கிறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"சும்மா, ஒரு உபகாரம்."

"உபகாரமா? மூஞ்சியைப் பாத்தா அபராதம் கட்டுற மாதிரி இருக்கு."

அக்கா மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். சரியாகக் காயாத துணியின் வாடை அவளோடு வந்து அறையெல்லாம் நிற்கும். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பேரொளி அதை முழுசாக இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே பாடம் நடத்துவார்.

அக்காவின் வாடிக்கையில் முதலில் விடுதிக்காரர்கள் போனார்கள், பிறகு ஆஸ்பத்திரி போனது, கடைசியில் தெருக்காரர்களும் துணி போடுவதை நிறுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை அக்கா பிரஷ்ஷைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கடையை மூடிவிட்டுத் தங்கச்சி ஊருக்குப் போவதாகச் சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரர் கொஞ்சம் சிடுசிடுப்பு. ஆனா அவங்க மாடியில வெயில் அடிக்குது சார்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஒரு சந்தேகம் சார். போட்ட மழையை எப்படி நிறுத்துறது? அதை மட்டும் நீங்க சொல்லித் தரவே இல்லையே."

"காயவிடணும்க்கா" என்றார் பேரொளி.

திங்கட்கிழமை சபை கூடியிருந்தபோது உள்ளே போய், தலைவரின் நாற்காலியில், தலைவர் ஒதுங்கக்கூட அவகாசம் தராமல், ஏறி நின்றார். படத்தை இறக்கிப் பழுப்பு டேப்பைக் கிழித்தார். அரைக் குடம் தண்ணீர் தலைவரின் மடியில் கொட்டியது. தாளைத் திருப்பிப் பிடித்து உரக்கப் படித்தார்: "போர்வை ஆறு. தலையணை உறை பன்னிரண்டு. டாக்டர் கோட்டு ரெண்டு, ஒண்ணுல பொத்தான் இல்லை. காலுறை ஒண்ணு, ஜோடியைக் காணோம். இது சலவைக்கடை அக்கா போட்ட படம். நான் திருடினேன்." அவர் வாழ்நாளில் பிழையில்லாமல் படித்தது அது ஒன்றுதான். ஒரு சட்டை காய்கிற நேரத்தில் தாள் காய்ந்தது. மாடியில் மழை நின்றது. இதை நடவடிக்கைக் குறிப்பில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சேர்த்தார்கள்.

அக்காவை அழைத்து வந்தார்கள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இதுவா? நான் இதைவிட நல்லா போட்டதா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு பேரொளியைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா என் முன்னாடி நின்னு பாடம் எடுத்திருக்கீங்களே சார். கால் வலிக்கலை?" அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி திரும்ப வந்தது. பேரொளி இப்போதும் கதவெண் எழுதுகிறார். சனிக்கிழமை வகுப்பை அக்கா நடத்துகிறாள், அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு தாள் காயக் காத்திருக்கிறார். வானம் முழுக்கக் காய்ந்துவிட்டாலும் தேன் கலந்த கையெழுத்து மட்டும் இன்றுவரை காயவில்லை. அதனால் மாடியின் கிழக்குப் பட்டையில் ஒரு மெல்லிய தூறல் எழுத்தெழுத்தாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அக்கா கொடியை மூன்றடி தள்ளிக் கட்டிக்கொண்டாள். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால் யாரும் அதைப் படிக்கலாம். அவசரத்தில், வீட்டுக்காரியிடம் காட்டாமல் எழுதியது. 'ஓவியப் பேரொலி' என்று இருக்கிறது.