மல்லிகை வைத்துக்கொண்டு தேன் எடுக்கப் போனவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக நான் தேடிப் போனது ஒரு பிணத்தை. தேனீ கொட்டிச் செத்த கோடீஸ்வரர். தொடர்கதையாக இருபது வாரத்துக்கு இழுக்கலாம். வண்டியூருக்குக் கிழக்கே, முருங்கைத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் முத்துமீனாவிடம் போய், எத்தனை பூச்சி கொட்டினால் ஆள் காலி என்று விசாரித்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இதுக கொட்டிச் சாகணும்னா அந்தாளு பெட்டிக்குள்ளயே குடித்தனம் இருக்கணும்ணே."

பிணம் போயிற்று. முத்துமீனா கிடைத்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'கருமேகம் சூழ்ந்த அந்த அதிகாலையில், முத்துமீனாவின் இதயம்...'

மேகமே இல்லை. பத்து மணி வெயில். மறுபடியும்:

முத்துமீனா தலைக்குக் குளித்து, தீபாவளிச் சேலை கட்டி, நாலு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். முதல் தேன் எடுக்கிற நாளாயிற்றே. அவளையும் சேர்த்துக் களை எடுக்கும் கூலிக்காரிகள் ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து வாங்கிய ஐந்து பெட்டிகள். மதுரையில் இனிப்புக் கடை நடத்தும் சாரதாம்பாள் ஆட்டோவில் வருகிறார். வெல்லப்பாகைத் தேன் என்று வாங்கி ஏமாந்தவர். இனிமேல் கண்ணெதிரே எடுத்தால்தான் வாங்குவார். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க அவரே எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் திங்கட்கிழமை ஐந்து பேரும் பழையபடி களைக்குப் போக வேண்டியதுதான்.

(தேனீ வளர்ப்புப் பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள், பெட்டிப் பக்கம் வாசனை ஆகாது என்று. செண்ட் போடவில்லை, பவுடர் போடவில்லை. மல்லிகையை அந்தக் கணக்கில் சேர்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. மதுரைப் பக்கத்தில் அது தலையோடு பிறந்தது.)

3

சாரதாம்பாளை வில்லியாக்கத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் ஐந்து பேருக்கும் காராசேவுப் பொட்டலம் கொண்டுவந்து கெடுத்துவிட்டார். அவர் தலையிலும் பூ.

முதல் பெட்டியின் மூடியைத் திறந்ததுதான் தாமதம். பூச்சிகள் முத்துமீனாவின் கொண்டைக்குள் புகுந்தன. இரண்டு மூன்று முடியில் சிக்கி இரைய, கூட்டமே கிளம்பியது.

"கல்யாணத்துக்கு வந்தியா, தேன் எடுக்க வந்தியாடி?" என்றாள் குழுவில் ஒருத்தியான ராமக்காள், தன் தலையிலும் அதே அளவு பூவோடு.

'அப்போது ஒரு பயங்கர...' (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

சாரதாம்பாள் ஓடப் பார்த்தார். "அசையாதீங்கக்கா," என்றாள் முத்துமீனா. தன் பூவைப் பிய்த்து எறிந்தாள். அவர் பூவையும் உருவி வரப்புக்கு அப்பால் வீசினாள். தேங்காய் நார்ப் புகையை அவரைச் சுற்றிப் போட்டாள். பூச்சிகள் மெல்ல அடங்கின. அதற்குள் அந்த அம்மாளுக்குக் கன்னத்தில் ஒன்று, புருவத்தில் ஒன்று. இடது கண் மூடியே போயிற்று.

முத்துமீனா பெட்டியிலிருந்து தேனடைச் சட்டத்தை உருவி, அடையில் ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினாள்.

4

முடிவு அ: சாரதாம்பாள் கோபித்துக்கொண்டு ஆட்டோ ஏறுகிறார். (எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

முடிவு ஆ: கட்டிப்பிடித்து அழுகிறார். (சினிமா.)

நடந்தது இதுதான். சாரதாம்பாள் அடையை வாயில் போட்டு நிதானமாக மென்றார். மெழுகைத் துப்பினார். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் தோட்டத்தை அளந்தார்.

"இன்னும் எத்தனை பெட்டிம்மா இருக்கு?"

"நாலுக்கா."

"அப்ப உக்கார ஒரு சேர் கொண்டாரச் சொல்லு."

உட்கார்ந்த பிறகு அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். முத்துமீனாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று பார்க்காதீர்கள். அவள் மூன்றாவது பெட்டியில் இருக்கிறாள். இரண்டு கையிலும் தேன், போன் எடுக்க மாட்டாள்.