நல்லரத்தினம் மூட்டாத புகை

நெருப்பு அடங்கிய மறுநாள் காலை பதினொரு மாடுகள் வாவிக்கரையால் தாமாகவே நடந்து வந்தன. கழுத்துகளில் அறுத்த கயிறு தொங்கியது. அஜந்தா ஓடிப்போய் முன்னால் வந்த செவலைப் பசுவைக் கட்டிக்கொண்டாள். கரிமணத்தையும் மீறிக்கொண்டு அதன் தோலில் வேப்பெண்ணெய் மணத்தது. பன்னிரண்டாவது பசுவை மட்டும் நைலோன் கயிற்றில் கட்டியிருந்தார்கள். சூட்டில் இளகி இறுகிவிட்ட அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிய இடத்திலேயே அவளுடைய புருசன் நல்லரத்தினமும் அந்தப் பசுவும் பக்கம் பக்கமாகக் கருகிக் கிடந்தார்கள்.

வேப்பெண்ணெய்க்குக் காரணம் உண்டு. கண்டல்முனையில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்தி பாடி முடியும் வரை, ஏழு நாளைக்கு, வெளியில் ஒருவரும் நெருப்பு மூட்டுவதில்லை. நெல் அவிப்பதில்லை, குப்பை எரிப்பதில்லை. மதுரையையே எரித்துவிட்டு வந்த தாயைக் குளிரவைக்கிற நேரத்தில் அவள் கண்முன்னால் நெருப்பைக் காட்டலாமா என்பது அவர்கள் கணக்கு. பீடிக்காரர்கள் அந்த ஏழு நாளும் பீடிக்கட்டைக் கூரைத் தடியில் செருகிவிட்டுக் கண்டவரோடெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு திரிவார்கள். நல்லரத்தினம் அவர்களில் முதலாம் ஆள். மற்ற நாட்களில் மாலையானால் மாட்டுப் பட்டியில் நுளம்புக் கடிக்குப் புகை மூட்டுகிறவர், அந்த ஏழு நாளும் பன்னிரண்டு மாட்டுக்கும் கையால் வேப்பெண்ணெய் பூசுவார். பூசிவிட்டு நுளம்பைத் திட்டுவார், மாட்டைத் திட்டுவார், கொஞ்சம் தணிந்த குரலில் அம்மனையும் திட்டுவார்.

நெருப்பு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். திருவிழாவுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் போடக் கோயில்காரர் பெரிய கம்பத்தில் வயரைக் கொழுவி, பட்டிக்குப் பக்கத்து இலுக்குப் புல்வெளிக்கு மேலால் இழுத்திருந்தார்கள். மீற்றர் இல்லை, அனுமதி இல்லை. வருசா வருசம் அப்படித்தான். அந்த வருசம் வறண்ட கச்சான் காற்று முன்னதாகவே எழும்பிவிட்டது. ஐந்தாம் நாள் பின்னேரம் வயர் அறுந்து விழுந்தது. முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்ற இலுக்கு பற்றிக்கொண்டு, அரை மணித்தியாலத்துக்குள் இருபத்தொரு வீட்டையும் வழித்துத் துடைத்துவிட்டது. சனம் வாவிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று, தங்கள் கூரை விழுவதைப் பார்த்தது. பொலிஸ் வருவதற்கு முன்னால் கோயில் ஆட்கள் மிச்ச வயரைச் சுருட்டி வாவிக்குள் எறிந்தார்கள். அதையும் ஊர் பார்த்தது.

ஐந்து மாதமாக இருபத்தொரு குடும்பமும் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் கிடந்தது. அஜந்தாவுக்கும், மகள் மேனுகாவுக்கும், மருமகன் நிலோஜனுக்கும் ஐந்தாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்குக் கீழே ஒரு மூலை. மேனுகா ஏழு மாதக் கர்ப்பிணி. எரிந்த வீடு அவளுடையது. அந்தப் பகுதியில் மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வாள். அஜந்தாவும் சந்தோசமாகத்தான் ஒதுங்கினாள். இப்போது ஒதுங்கவும் ஒரு குசினி இல்லை.

ஐப்பசி பிறந்த கிழமை கிராம அதிகாரியான விதானை திவாகரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அமிர்தகழிப் பொடியன், முப்பது வயதிருக்கும், நல்லவன். எரிந்த வீடுகளுக்கெல்லாம் அரசாங்கம் நட்டஈடு ஒதுக்கிவிட்டது, முழு வீடு கட்டக் காசு, கட்டி முடியும் வரை வாடகையும் உண்டு என்றான். சனம் கைதட்டியது. கைதட்டி ஓய்ந்த பிறகு அவன் மற்றதைச் சொன்னான். இருபத்தொரு குடும்பமும் ஒன்றாக இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் ஒருவருக்கும் இல்லை. அதற்கு முதல், நெருப்பு எப்படி வந்தது என்ற விசாரணைக் கோவை மூடப்பட வேண்டும்.

காரணம் தெரியாது என்று எழுதினால் மின்சாரப் பகுதியிலிருந்து பரிசோதனைக்கு வருவார்கள். வந்தால் கம்பத்தில் கொழுவின தழும்பு இன்னும் இருக்கிறது. கள்ளக் கரண்டால் வந்த நெருப்பு என்று தெரிந்தால் சட்டப்படி ஒரு சதமும் கிடையாது, கோயில் நிர்வாகியான வண்ணக்கர் மறியலில் அடைபட வேண்டியதுதான். தற்செயலாக ஒருவர் மூட்டிய நெருப்பு, அந்த ஆளும் உயிரோடு இல்லை என்று அவருடைய வீட்டார் எழுதிக் கொடுத்தால், கோவை அன்றைக்கே மூடப்படும். திவாகரன் இதையெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். செத்தது ஒரே ஒரு ஆள்தான். ஆகவே யாருடைய பேரையும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்ணக்கர் தங்கராசா அஜந்தாவின் தாய்மாமன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவளுக்குத் தாலி எடுத்துக் கொடுத்ததே அவர்தான். அன்று பின்னேரம் அவர் வந்து வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"தாள்ள எழுதுறது அரசாங்கத்துக்கு, புள்ள," என்றார். "ஊருக்கு உண்மை தெரியும். நல்லரத்தினம் எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு ஆருக்கு இஞ்ச தெரியாது?"

"அப்ப வயரப் பத்தி நீங்க சொல்லுங்களன், மாமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மீது கோபப்படவில்லை. அறுபத்தெட்டு வயது மனிசன், சீனி வருத்தக்காரர். அவரை மறியலுக்கு அனுப்பிவிட்டு, இருபது குடும்பத்தின் கூரையையும் பிடுங்கிவிட்டு, செத்தவரின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு அவள் எந்த ஊரில் இருப்பது?

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒரு கிண்ணம் பால்சோறு கொண்டுவந்தார்கள், மேனுகாவுக்கு உடுப்புக் கொண்டுவந்தார்கள், போகும்போது மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து மூலையில் இருந்த அன்னப்பூரணி மட்டும் மறைக்கத் தெரியாதவள். வந்து அஜந்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தன் தாயை இந்த மாரிக்கும் பள்ளிக்கூடச் சீமெந்துத் தரையில் போட்டால் தை பிறப்பதைக் காணமாட்டாள் என்றாள். அது பொய்யில்லை. அஜந்தா அவளைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தக் கிழமையே மாரி தொடங்கியது. ஓட்டிடுக்கால் ஒழுகித் தரை முழுக்க ஈரம். நிலோஜன் நாலு மேசையை ஒன்றாகச் சேர்த்து மேனுகாவை அதில் படுக்கவைத்தான். அஜந்தா பக்கத்தில் நின்று மகளின் வீங்கின காலைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் மேனுகா இந்த விசயத்தில் வாய் திறந்ததில்லை. இப்போது திறந்தாள்.

"நான் வையுங்க எண்டும் சொல்ல மாட்டன், வைக்காதீங்க எண்டும் சொல்ல மாட்டன்மா. வெச்சா அப்பாட பேர் போகும். வைக்காட்டி இந்தப் புள்ள இந்த மேசைக்குத்தான் வரும்."

விடிந்ததும் அஜந்தா விதானையைத் தேடிப் போனாள். வழி நெடுக யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். புகை மூட்டினது நான்தான் என்று எழுதிக்கொள், என்னைத் தண்டிக்கட்டும், அந்த மனிசனை விட்டுவிடு என்றாள். திவாகரன் பேனையை மூடி வைத்தான். உயிரோடு இருக்கிற ஆளென்றால் வழக்குப் போட வேண்டும், வழக்கு முடியும் வரை கோவை மூடப்படாது, மூடாமல் காசு வராது என்று விளங்கப்படுத்தினான். அவளுக்கு விளங்கியது. எந்தப் பக்கம் போனாலும் யாரோ முன்கூட்டியே வந்து வேலி அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் புருசன் செத்துப்போனதுதான் ஊருக்குக் கிடைத்த ஒரே வாசல்.

"அக்கா, வாசிச்சுக் காட்டுறன்," என்றான். "சரியெண்டா மட்டும் வையுங்க."

வாசித்தான். மேற்படி தினம் மாலை வழமைபோல் எனது கணவர் கால்நடைகளுக்குப் புகை மூட்டியிருந்தார். வழமைபோல் என்ற இடத்தில் அஜந்தா அவனை நிறுத்தினாள். வழமையில்லை, அந்த ஏழு நாளும் வழமை வேறு, அவர் வேப்பெண்ணெய்தான் பூசினார், மாட்டில் மணத்தது என்றாள். திவாகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கையெழுத்தை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அழகாக எழுதுகிறவள் என்று பேரெடுத்தவள், அன்று எழுத்துக் கோணிப்போயிற்று.

வெளியே வந்து மதகடியில் குந்தியிருந்து, ஐந்து மாதத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். நான் உன்னை விற்றுப்போட்டேன் என்று செத்தவரிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

காசு சொன்னபடி வந்தது. அரசாங்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. கையெழுத்து வைத்த கிழமையே வாடகைக் காசு கைக்கு வர, மேனுகாவை ஆரையம்பதியில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மார்கழியில் பேத்தி பிறந்தாள். சித்திரைக்குள் கண்டல்முனையில் இருபத்தொரு வீட்டுக்கும் கூரை ஏறியது. எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சைப் பூச்சு, வாசலில் இலக்கத் தகடு. அன்னப்பூரணியின் தாய் புது வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகளை அதட்டுமளவுக்குத் தேறிவிட்டாள். அஜந்தா அதைக் கண்டு உண்மையாகவே சந்தோசப்பட்டாள். செய்தது வீண்போகவில்லை என்று அந்த ஒரு விசயத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டாள்.

வைகாசி வந்தது. கோயில் கதவு திறக்கிற நாள், பின்னேரம் நாலு மணியிருக்கும், அஜந்தா மாட்டுக்கு வேப்பெண்ணெய் பூசப் பட்டிக்குப் போனாள். இப்போது அந்த வேலை அவளுடையது. பூசிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பெரிய கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. கோயில் ஆட்கள் இரண்டு பேர் வயரைக் கொழுவிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வயர், புதிசு. அதே இலுக்குப் புல்வெளிக்கு மேலால், அதே பாதையில் கோயிலுக்குப் போயிற்று. எரிந்த இடத்தில் இலுக்கு முன்னையைவிடச் செழிப்பாய் முளைத்து, கச்சானில் காய்ந்து, முழங்காலுக்கு நின்றது.

எண்ணெய்க் கையோடு கோயிலுக்கு ஓடினாள். தங்கராசா வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டுவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்னப்பூரணியும் இன்னும் நாலைந்து பெண்களும் பானைக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா, அந்த வயரை இறக்கச் சொல்லுங்கள், புல் காய்ந்துபோய்க் கிடக்கிறது என்றாள். மூச்சு வாங்கியது.

தங்கராசா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பயமில்லை, கள்ளமும் இல்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று விளங்காத மனிசனின் முகம்.

"வயருக்கென்ன, புள்ள? வருசா வருசம் இழுக்கிற வயர்தானே."

"போன வருசம் அதாலதானே..."

பெண்களின் கை நின்றது. அன்னப்பூரணிதான் எழும்பி வந்து அஜந்தாவின் தோளைப் பிடித்தாள். அன்றைக்குக் காலைப் பிடித்த அதே கைகள். குரலில் குத்தல் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"அத ஏன் கா இப்ப கிளறுற நீ? அந்தாள் தெரியாமப் போட்ட புகை. அம்மாளும் மன்னிச்சிருப்பா. நீதானே கையெழுத்து வெச்ச நீ."

அஜந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாவிக்குள் கழுத்தளவு தண்ணீரில் தன்னோடு நின்று, அந்த வயர் அறுந்து கிடந்ததைக் கண்ட முகங்கள். பொய் சொல்கிற முகம் அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு வருசத்துக்குள் அவர்கள் நம்பிவிட்டார்கள். நம்பாவிட்டால் அந்தப் பச்சை வீடுகளுக்குள் எப்படிப் படுத்து எழும்புவது? இனி விதானையிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் பொய்க் கையெழுத்துக்கு அவள் உள்ளே போவாள், இருபத்தொரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டுவார்கள், மேனுகா பிள்ளையோடு தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் வயர் தொங்கும். திரும்பி நடந்தாள்.

பட்டிக்கு வந்து விட்ட இடத்திலிருந்து வேப்பெண்ணெய் பூசினாள். பதினொரு மாட்டுக்கும் பூசி முடித்த பிறகு, செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் படலையையும் அகலத் திறந்து வைத்தாள். மாடுகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தன. கோயில் பக்கம் லைட் பத்தியது. ஸ்பீக்கர் கரகரத்தது.

வீட்டுக்கு வந்தபோது மேனுகா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் மாடெல்லாம் அவிழ்ந்து நிற்கின்றன என்று கேட்டாள். அஜந்தா கையைக் கழுவிக்கொண்டு வந்து பேத்தியின் தலையைத் தடவினாள்.

"ஏழு நாளைக்கும் வாவிப் பக்கத்துப் பின்கதவப் பூட்டாத, புள்ள," என்றாள்.